மூடி கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்

1.

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டக் கூடாது.

காலை நேரத்து பஸ். உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடியிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அழுகிய முட்டையும் ஈரச் சாக்கும் சேர்ந்தது மாதிரி ஒரு நெடி கிளம்பியது. எல்லோரும் முதலில் அடுத்தவர் காலைப் பார்த்தார்கள், அப்புறம்தான் தங்கள் செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒரு அம்மா குழந்தையைத் தூக்கி முகர்ந்துவிட்டு, "எங்க வீட்டுது இல்லைப்பா" என்று பொதுவாக அறிவித்தார். கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து என் பக்கத்து இருக்கைக்கு நேராக நின்றார்.

அங்கே ஒரு பெண். நாற்பதை நெருங்கும் வயது. மடியில் பழைய துண்டு சுற்றிய பெரிய கண்ணாடி ஜாடி. அதன் மூடி பாதிதான் திருகியிருந்தது.

"என்னம்மா இது?"

"சேறுங்க. சாக்கடைச் சேறு."

"அதைப் போய் பஸ்ல கொண்டு வருவாங்களா? மூடியையாவது நல்லா இறுக்குங்க."

"இறுக்கினா வெடிச்சிடும். உள்ள உயிரோட இருக்கு. மூச்சு விடணும்ல."

கண்டக்டர் சத்தமில்லாமல் பின்வாங்கினார். பின் இருக்கைக்காரர் இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். பாம்பு என்றே முடிவு கட்டியிருக்க வேண்டும்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. விசாரித்தேன். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்றாள். இந்தச் சேற்றில் இருக்கும் கிருமிகள் சாயத்தண்ணீரைத் தின்று சுத்தம் செய்யும், அண்ணன் வேலை பார்க்கும் சாயப்பட்டறைத் தொட்டியில் விடக் கொண்டுபோகிறேன் என்றாள். "முதல்ல ஒன்னு கொண்டுபோனேன். அது ஏமாத்திடுச்சு. அண்ணன் இன்னும் என்கூடச் சரியாப் பேசலை. இருந்தாலும் காத்துக்கிட்டிருக்கார்."

அதற்குள் அவள் நிறுத்தம் வந்துவிட்டது. ஜாடியைத் தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. எழுதி அடித்ததையும் பார்த்துவிடுங்கள்.

"நீர்நிலைகள் நாளுக்கு நாள் மாசடைந்து வரும் இன்றைய சூழலில், உயிரித் தொழில்நுட்பத்தின் பங்கு—"

(வேண்டாம். பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய பையன் எழுதியது மாதிரி இருக்கிறது.)

"அவள் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினாள். சிவந்த நீரின் ஊடே காலைச் சூரியன் ஒரு—"

(ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்தேன். சூரியன் சூரியனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

இரண்டையும் என் மனைவியிடம் காட்டினேன். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு என் எழுத்தைப் பார்த்தெல்லாம் பயம் வராது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் உங்க சூரியனைக் கூட்டிட்டு வாங்க."

சரி, சொல்கிறேன்.

3.

அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. அண்ணன் அவளைப் 'பாப்பா' என்று கூப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். பட்டங்கள் வாங்கி, கண்ணாடி போட்டு, காதோரம் நரைத்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அண்ணன் பட்டறையில் சாய மேஸ்திரி. அன்றைக்கு என்ன சாயமோ அதுதான் அன்றைக்கு அவர் கையின் நிறம். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பாப்பாவின் உள்ளங்கையிலும் அது ஒட்டும். "உங்க வீட்டுல இன்னைக்குப் பச்சையா?" என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். கழுவினாலும் போகாது. கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு கால்வாய். சாயம் காய்ச்சி முடித்த தண்ணீர் தொட்டியில் தேங்கி, அங்கிருந்து கால்வாயில் இறங்கி, கீழ்த்தெரு வழியாகப் போகும். கீழ்த்தெருவில் அடிபம்பு அடித்தால் ரோஜா நிறத்தில் தண்ணீர் வருகிறது. அங்கே குழந்தைகள் பாடம் படிக்கும்போதும் சொறிந்துகொள்கிறார்கள், தூங்கும்போதும் சொறிந்துகொள்கிறார்கள். கீழ்த்தெருக்காரர்கள் மனு மேல் மனு போட்டதில், கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள். அடுத்த தடவை நாங்கள் வரும்போது தொட்டியிலிருந்து நிறத்தோடு தண்ணீர் வெளியேறினால் பட்டறைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பூட்டினால் மேல்தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. பூட்டாவிட்டால் கீழ்த்தெருப் பிள்ளைகளுக்கு அரிப்பு நிற்காது. மேல்தெருவில் அண்ணன் வீடு. கீழ்த்தெருவில் அண்ணியின் அக்கா வீடு. பாப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பட்டறையும் ஓட வேண்டும், தண்ணீரும் சுத்தமாக வேண்டும்.

("இது ரெண்டு" என்றாள் மனைவி. பாப்பாவுக்கு அது ஒன்றுதான் என்றேன். "பேராசைக்காரி. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.)

அதற்கு அவளிடம் ஒரு ஆயுதமும் இருந்தது. படித்துக்கொண்டிருந்த காலத்தில் அதே கால்வாயில் அவள் ஒரு கிருமியைக் கண்டுபிடித்திருந்தாள். சாயத்தைக் கடித்து உடைத்துத் தின்கிற கிருமி. அதைத் தனியாகப் பிரித்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தாள். குளிர்காலத்தில் கதகதப்பான பெட்டி, வேளாவேளைக்குச் சர்க்கரையும் புரதமும் கலந்த சத்துக்கஞ்சி. கூட வேலை செய்கிறவர்கள் அதற்கு 'இளவரசர்' என்று பெயர் வைத்தார்கள். காலையில் வந்ததும் "இளவரசர் சாப்பிட்டாச்சா?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அதிகாரிகள் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனதும், பாப்பா அண்ணனிடம் வந்தாள்.

"கவலைப்படாதீங்கண்ணா. என்கிட்ட ஆள் இருக்கு."

"நிச்சயமா ஆகுமா பாப்பா?"

"கண்டிப்பா ஆகும்."

இளவரசர் பீப்பாய் பீப்பாயாகத் தொட்டிக்குள் இறங்கினார். இரண்டொரு நாளில் தண்ணீர் தெளிந்தது. அண்ணன் கையை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். கையில் ஒரு நிறமும் இல்லை. பார்க்கிறவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து தொட்டியைக் காட்டினார், கீழ்த்தெரு ஆட்கள் உட்பட. "எங்க பாப்பா செஞ்சது" என்று அவர் சொன்னதைக் கேட்டு அண்ணிக்கே அலுத்துவிட்டது.

அந்த வாரம் முடிவதற்குள் தண்ணீர் மறுபடியும் சிவந்தது. முன்னைவிடக் கருஞ்சிவப்பு.

சேதி கேட்டு பாப்பா ஓடி வந்தாள். அண்ணன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "ஊரெல்லாம் சொல்லிட்டேனே பாப்பா" என்றார். அப்புறம் எழுந்து உள்ளே போனவர், அன்றிலிருந்து அவளிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதோடு சரி.

4.

(நான்காம் பகுதி மனைவியின் உத்தரவுப்படி நீக்கப்பட்டது. அதில் ஆய்வுக்கூடத்தின் டைரக்டர் ஒரு வில்லன். பாப்பா மேல் பொறாமை. இளவரசரின் கஞ்சியில் எதையோ கலந்துவிடுகிறார். பயங்கரமாக எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு, "ஏன் உங்க எல்லாக் கதையிலயும் மேலதிகாரி கெட்டவனாவே இருக்கான்? உங்க ஆபீஸ் கோபத்தை இங்க வந்து கொட்டாதீங்க" என்றாள். இருபது பக்கம் போச்சு.)

5.

வில்லனைத் துரத்தியதும் ஒரு சிக்கல். இளவரசர் ஏன் தோற்றார்? காரணம் எனக்கே தெரியாது. கதாசிரியனுக்குத் தெரியாவிட்டால் கதை எப்படி நகரும்? சில நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சுக்குத்தான் கேட்டேன், உங்கள் நிலையத்தில் இருக்கும் அந்தச் சுற்றுகிற மெஷினில் என்ன செய்வீர்கள் என்று.

"சின்னக் குழாய்ல ரத்தத்தை ஊத்தி மெஷின்ல வைப்போம். வேகமாச் சுத்தினா கனமானதெல்லாம் அடியில போய் உட்காரும். மேல தெளிஞ்சு நிக்கறதை எடுத்து டெஸ்ட்டுக்கு விடுவோம்."

"அடியில இருக்கறது?"

"அது எதுக்கு? குப்பைக்கூடைக்குப் போயிடும்."

நான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். "யாரும் அதைப் பார்க்க மாட்டீங்களா?"

"எங்களுக்குத் தேவை மேல இருக்கறது. அடியை யார் பார்ப்பாங்க? ஏன், என்னாச்சு? பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க."

"ஒன்னுமில்லை. நீ இப்ப என் கதையைக் காப்பாத்திட்டே."

"சரி, அப்படியே பாத்திரத்தையும் நீங்க தேய்ச்சிடுங்க" என்றாள். தேய்த்தேன்.

6.

பாப்பா தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்த்தாள். சாயத்தண்ணீரில் இளவரசரை விட்டாள். மறுநாள் அதைச் சின்னக் குழாய்களில் ஊற்றி மெஷினில் சுற்றினாள். மேலே நின்றதை எடுத்து, நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தாள். நிறமே இல்லை என்றது கருவி. வருடக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒழுங்காக வேலை செய்கிறவர் அங்கே போய் ஏன் காலை வாரினார்?

குழாயைக் கூடையில் போடக் கையை நீட்டினாள். கூடைக்கு மூடி உண்டு, காலால் மிதித்தால் திறக்கும். மிதித்தவள் அப்படியே நின்றாள். மூடி திறந்தபடி இருந்தது, குழாய் கையிலேயே இருந்தது.

குழாயின் அடியில், சட்டைப் பித்தான் அளவுக்கு, செங்கல் நிறத்தில் ஒரு உருண்டை.

பாப்பா சாய வீட்டுப் பெண். கொப்பரையில் துணியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வெளுத்துவிட்டால், சாயம் துணியில் ஏறிவிட்டது என்று அர்த்தம். எழுதப் படிப்பதற்கு முன்பே அவளுக்கு அது தெரியும். எத்தனை தடவை கொப்பரைப் பக்கம் நின்று, "அண்ணா, தண்ணி வெளுத்துடுச்சு, எடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். தண்ணீர் தெளிந்தால் நிறம் செத்துவிட்டதாகவா அர்த்தம்? இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இளவரசர் சாயத்தைத் தின்னவே இல்லை. உடுத்திக்கொண்டிருந்தார்.*

பட்டறைத் தொட்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. கொஞ்ச நாள் உடம்பு முழுக்க நிறத்தை ஏற்றிக்கொண்டு அடியில் உட்கார்ந்தார். சர்க்கரைக் கஞ்சி கிடைக்காமல் செத்தார். உடம்பு கரைந்ததும் ஏற்றிக்கொண்ட நிறம் அத்தனையும் திரும்பித் தண்ணீருக்கே வந்துவிட்டது.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கிருமிக்குத் தின்ன மறந்துபோனது இருக்கட்டும், கொப்பரைப் பக்கத்தில் வளர்ந்த தனக்கு எப்படி மறந்துபோனது?

* கண்டுபிடித்த புதிதில் நிஜமாகவே தின்றது. அப்போது அடியையும் பார்த்தார்கள், வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை. தினமும் இனிப்புக் கஞ்சி ஊட்டினால் எந்தப் பிள்ளை கசப்பைத் தேடிப் போய்த் தின்னும்? தலைமுறை தலைமுறையாகச் செல்லம் கொடுத்ததில் சாயம் தின்னும் வித்தையே அதற்கு விட்டுப்போயிற்று. கிருமிகளுக்கு ஒரு தலைமுறை என்பது ஒரு சாப்பாட்டு நேரம் கூட ஆகாது. ஆகவே, இளவரசருக்கு இந்நேரம் எள்ளுப் பேரனுக்கு எள்ளுப் பேரன் எல்லாம் பிறந்திருக்கும். ஒருவர்கூட வேலைக்குப் போனதில்லை.

7.

இப்போது டைரக்டர் வர வேண்டும். வில்லன் வேஷம் கலைத்த டைரக்டர்.

அவர் அறையில், நாற்காலிக்குப் பின்னால், பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் சிவப்புத் தண்ணீர், இன்னொன்றில் பளிங்குத் தண்ணீர். யார் வந்தாலும் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டுவார். பாப்பா அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து அவளோடு நடந்து வந்தார். கூடையின் மூடியை மிதித்துத் திறந்து, உறை போட்ட கையால் ஒவ்வொரு குழாயாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாவற்றின் அடியிலும் செங்கல் உருண்டை.

"இந்தக் கூடைக்கு மூடி போடச் சொன்னதே நான்தான்" என்றார். "நாறுதுன்னு."

மிதித்திருந்த காலை எடுக்க, மூடி டப்பென்று விழுந்தது.

"இதை வெளிய சொன்னா நம்ம மானம் போயிடும்மா."

"சொல்லலைன்னா எங்க அண்ணன் பட்டறை போயிடும் சார். இன்னும் எத்தனை தொட்டியில இதைக் கொண்டுபோய் ஊத்துவோம்?"

(இந்த இடத்தில் பழைய டைரக்டர் ஒரு கோணல் சிரிப்பு சிரித்தார். "உன் அண்ணன் பட்டறை எனக்கெதற்கு?" என்று— இல்லை. போய்விடுங்கள் ஐயா. உங்களை நான்காம் பகுதியோடு அனுப்பிவிட்டேன்.)

புதிய டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறுபடியும் கால்வாய்க்கா?"

"ஆமா சார். அங்கதான் அதோட சொந்தக்காரங்க இருக்காங்க. கஞ்சி குடிக்காம வளர்ந்தவங்க."

"பூட்ஸ் போட்டுட்டுப் போ. கண்ணாடித் துண்டெல்லாம் கிடக்கும்."

மறுநாள் காலையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் காலியாக இருந்தது. ஆணி மட்டும் இருந்தது. நல்ல மனுஷன் என்று இப்போது எனக்கே அவரைப் பிடித்துவிட்டது.

8.

முழங்கால் வரை பூட்ஸ், கையில் மண்வாரி. பாப்பா கால்வாய்க்குள் நின்று அடிச்சேற்றை வாரி ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கால்வாய் ஓரத்துக் குட்டைச் சுவருக்கு மேலே அண்ணனின் தலை தெரிந்தது.

"என்ன தேடுற?"

பல நாளைக்கு அப்புறம் அவராகக் கேட்ட கேள்வி. பாப்பா நிமிராமலே பதில் சொன்னாள். 

"வேற கிருமிண்ணா. போன தடவை கொண்டுவந்ததை நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேன். அது சாயத்தைத் தின்னலை. துணி மாதிரி ஏத்திக்கிட்டு இருந்திருக்கு."

அண்ணன் சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "அப்ப நம்ம தொட்டியில நடந்தது சாயம் போடற வேலைதான்னு சொல்லு."

"ஆமா. கிருமிக்குச் சாயம் போட்டிருக்கோம்."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

"இதுங்க மட்டும் ஏமாத்தாதா?"

"தெரியலைண்ணா."

"தெரியலையா?"

"தெரியலை. இந்தத் தடவை அடியையும் பார்ப்பேன். பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட கொண்டுவருவேன்."

அண்ணன் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினார். "போன தடவை கண்டிப்பான்னு சொன்னே. நானும் ஊரெல்லாம் கண்டிப்பான்னு சொன்னேன்" என்றார். "தெரியலைன்னு சொல்லியிருந்தா நானும் வாயை மூடிக்கிட்டுக் காத்திருந்திருப்பேன்ல?"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அன்றைக்குப் பட்டறையில் நீலம். பாப்பா ஜாடியை முதலில் கொடுத்தாள், அப்புறம் கையைக் கொடுத்தாள். மேலே ஏறி வந்ததும் பார்த்தால் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து நீல விரல்கள். அவள் அங்கேயே, பூட்ஸில் சேறு வழிய, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அண்ணன் ஜாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நாத்தம் தாங்கலை பாப்பா. மூடியை இறுக்கு."

"இறுக்கக் கூடாதுண்ணா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

9.

புது ஆட்களுக்கு ராஜமரியாதை இல்லை. சர்க்கரை கிடையாது, கஞ்சி கிடையாது. பட்டறைத் தண்ணீர்தான் சாப்பாடு, வேண்டுமானால் தின்னு. முதலில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆய்வுக்கூடமே நாறியது. "எங்க இளவரசர் இப்படியெல்லாம் பண்ண மாட்டார்" என்று கூட இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பாப்பா பிடிவாதமாகப் பட்டினி போட்டாள்.  அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

ஒருநாள் குடுவையில் சிவப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பாப்பா நிறம் அளக்கும் கருவி பக்கம் போகவே இல்லை. குழாயைச் சுற்றி எடுத்து, தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தாள்.

அடியில் இருந்தது சேறு. சேற்று நிறத்தில் சேறு. அவள் வாழ்க்கையில் பார்த்ததிலேயே அழகான அழுக்கு.

மறுபடியும் சுற்றினாள். மறுபடியும் அதே அழுக்கு. டைரக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

அதோடு அவள் விடவில்லை. நிறம் போனால் விஷமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சாயம் உடைந்த துண்டுகளும் கெடுதல் செய்யும். அதையும் தின்று தீர்க்கட்டும் என்று குடுவைக்குள் காற்று ஊதி, கிருமிகளை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைத்தாள். பிறகு இரண்டு தட்டுகளில் ஈரத்துணி விரித்துப் பயறு தூவினாள். ஒன்றில் பட்டறைத் தண்ணீர், இன்னொன்றில் கிருமி தின்று முடித்த தண்ணீர். முதல் தட்டில் பயறு ஊறி அழுகியது. இரண்டாவதில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டது. பாப்பா ஆய்வுக்கூடத்தின் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்கு உடனே போன் போட வேண்டும் என்று கை பரபரத்தது.

போட்டாள். "அண்ணா, இங்க முளைச்சிருக்கு. அங்க என்னாகும்னு தெரியலை."

"கொண்டா" என்றார் அண்ணன். "சேர்ந்து பார்ப்போம்." அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்; பழைய கலகலப்பு இன்னும் வரவில்லை.

அப்புறம்தான் ஜாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

10.

முடிவுகள்.

(அ) தொட்டி தெளிகிறது. அதிகாரிகள் கை குலுக்குகிறார்கள். விழா. மேடை. பாப்பாவுக்குப் பொன்னாடை. கீழ்த்தெருப் பிள்ளைகள் வரிசையாக நின்று கை தட்டுகி— (மனைவி: "கை தட்டற பிள்ளைங்க சொறியறதை நிறுத்திட்டாங்களா? அதைச் சொல்லுங்க.")

(ஆ) தொட்டி மறுபடியும் சிவக்கிறது. பட்டறைக்குப் பூட்டு. அண்ணன் தன் வெளுத்த கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். (மனைவி: "இதுக்குத்தான் இவ்வளவு நேரம் என்னைப் படிக்க வச்சீங்களா?")

(இ) அதிகாரி தொட்டியிலிருந்து ஒரு குடுவை தண்ணீர் மொண்டார். கண்ணுக்கு நேரே உயர்த்தினார். அண்ணன் பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்—

இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். "தெளிந்திருந்தது" என்று ஒரு சொல் போட்டால் தீர்ந்தது. என் பேனாவில் ஒரு தொட்டி என்ன, ஊரிலுள்ள தொட்டி அத்தனையும் தெளிந்துவிடும். ஆனால், நான் அந்தத் தொட்டியைப் பார்க்கவில்லை. அங்கே நிஜமாகவே ஒரு அண்ணன் காத்துக்கொண்டிருக்கிறார், நிஜமாகவே பிள்ளைகள் சொறிந்துகொண்டிருக்கிறார்கள். ஆசைப்பட்டு நான் அந்தச் சொல்லைப் போட்டால், மேலே தெளிந்ததை உங்களுக்குக் காட்டிவிட்டு அடியைக் கூடையில் போட்ட கதைதான். பாப்பாவை அத்தனை தடவை அடியைப் பார்க்க வைத்த பிறகு அதை என்னால் செய்ய முடியவில்லை.

"அதே பஸ்ல போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

போனேன். நாள் தவறாமல் அதே நேரம், அதே பஸ். டீசல் நெடி, தலையெண்ணெய் நெடி, யாரோ நசுக்கிய வாழைப்பழ நெடி. எனக்கு வேண்டிய நெடி மட்டும் இல்லை. தொட்டி சிவந்துவிட்டதோ, அவள் விட்டுவிட்டாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. நானே கட்டிவிட்ட கதைக்காக நானே ஏங்கி உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை, கூட்டத்தில் நின்றுகொண்டு போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ செருப்பைத் திருப்பிப் பார்த்தார். இன்னொருவர் கைக்குட்டையை எடுத்தார். அப்புறம் என் மூக்குக்கும் வந்தது. அழுகிய முட்டை, ஈரச் சாக்கு. எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். பஸ்ஸே மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க நான் ஒருவன் மட்டும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

கண்டக்டர் முன்னாலிருந்தே குரல் கொடுத்தார்: "அந்தம்மாதான். யாரும் மூடியை இறுக்கச் சொல்லாதீங்க. வெடிச்சிடும்."

அண்ணன் தொட்டி தெளிந்து, அடுத்த பட்டறைக்குக் கொண்டுபோகிறாளா? இல்லை, மறுபடியும் சிவந்து, மறுபடியும் முதலிலிருந்தா? இரண்டுக்கும் நாற்றம் ஒன்றுதான். இரண்டிலும் அவள் விடவில்லை.

அது தெரிந்ததே எனக்குப் போதும், நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்குகிறேன். நீங்கள் இருங்கள். பின்னால் அவள் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும், இந்த நெடியில் வேறு யார் உட்காரப் போகிறார்கள்? போய் உட்கார்ந்து, அண்ணன் பேசுகிறாரா என்று கேளுங்கள். மூடியை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.